கொக்கு அண்ணாச்சியும் காற்றுப் பலகையும்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பாதையில் பஸ்ஸுக்காக நின்றவர்கள் உண்டு, மழைக்காக நின்றவர்கள் உண்டு, தேர்தலில் நின்றவர்களும் உண்டு. ஆனால் நிற்பது என்றால் இன்னது என்று தெரிந்து நின்ற மனிதர் இந்தக் கரிசல் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் கொக்கு அண்ணாச்சி.

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அண்ணாச்சியும் எல்லோரோடும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். ஆடு மேய்க்கிறவர். கம்பை ஊன்றி அதில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி மறு கால் முட்டியில் பதித்து நிற்பது ஆடு மேய்க்கிறவர்களுக்கு வழக்கம்தான். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களுக்கு அது ஓர் ஓய்வு. மற்றவர்கள் ஆடு மேயும்போது மட்டும் அப்படி நிற்பார்கள். அண்ணாச்சி டீக்கடையிலும் அப்படித்தான், சாவு விழுந்த துட்டி வீட்டிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும் அப்படித்தான். "காலக் கீழ வைங்கய்யா" என்று நர்ஸம்மா சொன்னதற்கு, "ஊசி இடுப்புலதான தாயி போடுதீங்க" என்று கேட்டாராம்.

எட்டயபுரம் வளைவில் பஸ் திரும்பும்போது உட்கார்ந்திருக்கிறவர்களே ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள். அண்ணாச்சி கம்பியைக்கூடத் தொடாமல் ஒற்றைக் காலில் நிற்பார். கண்டக்டர்தான் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை ஊருக்குள் ஏதோ முகாம் நடத்த வந்த அதிகாரி, கண்மாய்க் கரையில் நின்ற அண்ணாச்சியைத் தூரத்திலிருந்து பார்த்து மனம் இளகி, ஓர் ஆளிடம் ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார். அண்ணாச்சி அதை வாங்கி, ஊன்றி, சாய்ந்து பார்த்துவிட்டு, "கம்பு நல்லாத்தான் இருக்கு. ஆட்ட ஓட்ட ஆகாது, கொஞ்சம் குட்ட" என்று திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டு காலால் நடந்து போனாராம். கொண்டுவந்த ஆள் அதை அதிகாரியிடம் எப்படிச் சொன்னார் என்று தெரியாது.

அண்ணாச்சியின் மனைவி எனக்கு மதினி. கல்யாண போட்டோவிலும் மதினி இரண்டு காலில் நிற்கிறார், அண்ணாச்சி ஒன்றில். கல்யாணத்துக்கு வர முடியாமல் போன மதினியின் சித்தி, படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய இப்படிப் பாத்துக் குடுத்துட்டீங்களே" என்று அழுதது எங்கள் ஊரில் பிரசித்தம்.

நான் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். டயர்களோடு பழகுவதில் இந்தத் தொந்தரவு இல்லை. அண்ணாச்சிக்கு என்னைப் பிடிக்கும். குறுக்கே பேசாமல் கேட்கிறவனை யாருக்குத்தான் பிடிக்காது.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் மதினி பிறந்த ஊர். மதினியின் அண்ணன் அங்கே மிளகாயும் பருத்தியும் போடுகிறவர், வாய்த் துடுக்கு கொஞ்சம் அதிகம். அவர் பேத்திக்குக் காது குத்தினார்கள். அண்ணாச்சி முறைப்படி ஒரு கிடாயைக் கொண்டுபோய் விட்டார். கைக்குழந்தை மாதிரி வளர்த்த கிடாய். பந்தியில் மச்சினன் ஒரு எலும்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மாப்ள, இந்தக் கெடாவுக்கு முதியோர் பென்ஷன் வந்துக்கிட்டு இருந்துச்சோ?"

பந்தியே சிரித்தது. அண்ணாச்சி எச்சில் கையோடு எழுந்தார். எழுந்ததும் பழக்கத்தில் ஒரு கால் மேலே போய்விட்டது. அப்படியே நின்று சொன்னார்: "இனிமே இந்த ஊரு மண்ணுல என் காலு படாது."

எங்கள் பக்கம் பந்தியில் எழுந்து சொன்ன வார்த்தையை யாரும் லேசில் திருப்பி வாங்க மாட்டார்கள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மதினி வாளியைக் கீழே வைத்தார்.

"இந்த ஊரு மண்ணு ஒங்க காலுக்கு ஆவலன்னா, இந்த மண்ணுல பொறந்த நானும் ஒங்களுக்கு ஆவ மாட்டேன்."

அண்ணாச்சி மட்டும் வீடு திரும்பினார். மறுநாள் மச்சினனே ஆள் அனுப்பி, விளையாட்டுக்குச் சொன்னது என்றார். "அவிய விளையாட்டுக்குச் சொன்னாவ, சரி. நான் விளையாட்டுக்குச் சொல்லலையே" என்று அண்ணாச்சி பதில் அனுப்பினார். மதினி பக்கத்திலிருந்து ஒரே ஒரு நிபந்தனைதான் வந்தது. வீட்டு வாசல் வரைக்கும்கூட வேண்டாம், கண்மாய்ப் படித்துறை வரைக்கும் அவர் நேரில் வந்து 'வா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், மதினி வந்துவிடுவார். போனில் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "போன்ல புக் பண்ணுததுக்கு நான் என்ன கேஸ் சிலிண்டரா?" என்றாராம்.

படித்துறையும் அந்த ஊர் மண்தான். ஆக, அண்ணாச்சி போக முடியாது, போகாமல் மதினி வர மாட்டார்.

அந்த வருஷம் மழை வெளுத்து வாங்கியது. கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகாலும் ஓடியது. அண்ணாச்சி தினமும் இந்தக் கரையில் நின்றார். முன்பெல்லாம் ஆட்டைப் பார்த்து நிற்பவர், இப்போது ஆட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கரையைப் பார்த்து நின்றார். ஆடுகள் யார் யார் தோட்டத்தையோ மேய்ந்தன. காலையில் அக்கரைப் படித்துறையில் துணி துவைக்கிற சத்தம் தண்ணீரைத் தாண்டி வரும். நான் குளிக்கப் போனால் அண்ணாச்சி காதைச் சாய்த்துக்கொண்டு சொல்வார்.

"இது அவ அடி. சட்டைய அடிக்கல தம்பி, என்னைய நெனச்சு அடிக்கா."

அந்தச் சமயத்தில்தான் பலகை வந்தது. கடலுக்குப் போகிற வழியில் வெளியூர்ப் பையன்கள் சிலர் காரை என் கடையில் நிறுத்தினார்கள். டயர் பஞ்சர் இல்லை. பெரிய பையிலிருந்து பாய் மாதிரிச் சுருட்டிய ரப்பர் சாமான் ஒன்றை இறக்கினார்கள். இதில் எங்கோ காற்று போகிறது, பார்த்து வையுங்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். துடுப்பையும் அதோடு போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பும்போது வேறு பாதையில் போய்விட்டார்கள் போலிருக்கிறது. அது கடை ஆணியில் வெகுநாள் தொங்கியது. ஆஸ்பத்திரி மெத்தை என்றார் டீக்கடைக்காரர். பைமேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. கடலில் அந்தப் பலகைமேல் ஒருவன் நின்றுகொண்டு துடுப்புப் போடுகிறான்.

வாங்கிப் போட்டதை ஒட்டி வைக்க வேண்டுமே என்று ஒருநாள் காற்றடித்தேன். வால்வின் வாய் வேறு தினுசு. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டி, கம்ப்ரஸரைக் கொடுத்தேன். சுருண்டு கிடந்தது நிமிர்ந்து கட்டில் பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. ஓட்டை எங்கே என்று முக்கிப் பார்க்க வேண்டும். என் கடைத் தொட்டி லாரி டியூபுக்கே பற்றாது. அதனால் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். தண்ணீரில் போட்டு அழுத்தி, கொப்புளம் வருகிற இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டேன். நிமிர்ந்தால் அண்ணாச்சி நிற்கிறார்.

"தம்பி, இதுமேல ஆளு நிக்குமா?"

"நிக்குத மாதிரித்தான் படம் போட்ருக்கு அண்ணாச்சி."

"ஒத்தக்காலா, ரெட்டக்காலா?"

"ரெட்டக்கால்."

"அப்ப எனக்குப் பாதிப் பலக போதும்."

சொல்லிவிட்டு அக்கரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, தண்ணி மண்ணுல சேத்தியா?"

எனக்குச் சுரீரென்றது. மனிதர் எங்கே வருகிறார் என்று தெரிந்துவிட்டது. "தண்ணி தண்ணிதான் அண்ணாச்சி" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கணக்கு இதுதான். பலகையில் நின்றபடியே அக்கரைப் படித்துறை வரை போவது. மண்ணில் கால் படாமல், தண்ணீரில் நின்றே மதினியைக் கூப்பிடுவது. இதில் ஒரே ஒரு சிக்கல். பாதிக் கண்மாய்க்கு அந்தப்புறம் தண்ணீருக்குக் கீழே இருப்பதும் அந்த ஊர் மண். அங்கே தவறி விழுந்தால் கால் தரையில் படும். விழுந்தால் வார்த்தை போச்சு. அண்ணாச்சிக்கு நீச்சலும் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியும், வருஷத்தில் பாதி நாள் கண்மாயில் கிரிக்கெட் விளையாடுகிற ஊர். தண்ணீரோ தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. மாசி பிறந்தால் சகதிதான் மிஞ்சும். அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும்.

லாரி டியூபில் உட்கார்ந்து போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"எரும போறாப்ல போகச் சொல்லுதியா? நான் நின்னுக்கிட்டுத்தான் வந்தேன், நின்னுக்கிட்டுத்தான் போவேன்."

என் போனில் தேடி ஒரு வீடியோ எடுத்தோம். சென்னைப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு பெண் தமிழில் சொல்லிக்கொடுத்தது. பலகைக்கு நடுவில் முதலில் மண்டி போடுங்கள், தண்ணீர் பழகியதும் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து எழுந்திருங்கள், காலைப் பார்க்காமல் நேராகப் பாருங்கள் என்றது. கடைசியில் சிரித்துக்கொண்டே, விழுந்தால் ஒன்றும் தப்பில்லை என்றது.

"விழுந்தா தப்பில்லயாம்ல" என்றார் அண்ணாச்சி. "அந்தப் பிள்ளைக்கு அக்கரைல மச்சினன் இல்ல."

"மண்டி போடச் சொல்லுதே அண்ணாச்சி."

"மச்சினன் ஊரப் பாத்து நான் மண்டி போட்டுக்கிட்டுப் போவனா? அதத் தள்ளிவிட்டுட்டு அடுத்த பாடத்தப் போடு."

பலகையோடு ஒரு கயிறு இருந்தது. விழுந்தால் பலகை ஓடிவிடாமல் இருக்க அதைக் கணுக்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். "கால்ல கயிறு கட்டுதது சந்தைக்குப் போற ஆட்டுக்கு" என்று அதையும் தள்ளினார்.

முதல் பாடம் ஆரம்பித்தது. முட்டளவுத் தண்ணீரில் நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி ஏறினார். ஏறியது மட்டும்தான் நிஜம். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்து, ஆட்டுக் கம்பை ஊன்றுகிற மாதிரி பக்கத்தில் ஊன்றி, கண்ணை மூடிச் சாய்ந்து, ஒரு காலையும் தூக்கிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கம்பு அவரைத் தாங்கியிருக்கிறது. அந்தக் கம்பைத் தரை தாங்கியிருக்கிறது என்பதை அவர் அன்றுவரை யோசித்ததில்லை. நான் பிடியை விட்டதும் பலகை எட்டயபுரம் திசைக்குப் போயிற்று, அண்ணாச்சி விளாத்திகுளம் திசைக்குப் போனார்.

கரிசல் சகதி லேசில் ஆளை விடாது. இழுத்து நிறுத்தியபோது ஒரு செருப்பைக் கண்மாய் எடுத்துக்கொண்டிருந்தது.

"தண்ணில பிடிப்பு இல்ல தம்பி" என்றார், தண்ணீரின்மேல் குறை சொல்கிற குரலில்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே கதைதான். ஏறுவார், சாய்வார், போவார். பலகையைத் துரத்திப் பிடிப்பது என் வேலை. கரையில் ஆடுகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. ஒருநாள் அதில் ஒரு வெள்ளாடு சும்மா ஒரு துள்ளலில் பலகைமேல் ஏறி, ஆடாமல் அசையாமல் நின்று, அசை போட்டது. நான் அண்ணாச்சியைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தேன்.

"அதுக்கு மூணு காலு கூடுதலுலே" என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்கும் சொல்ல வேண்டாம், நானும் ஒருநாள் ஏறினேன். விடிகிற நேரம், கரையில் ஆள் இல்லை. அந்தப் பெண் சொன்ன மாதிரியே நடுவில் மண்டி போட்டேன். பலகை கொஞ்சம் சிலுப்பியது, பிறகு அடங்கியது. துடுப்பை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு போட்டேன். நகர்ந்தது. ஒவ்வொரு காலாக வைத்து எழுந்தேன். காலைப் பார்க்காமல் அக்கரைக் கருவேல மரத்தைப் பார்த்தேன், நின்றுவிட்டேன். கூட்டத்தில் நிற்கவே கூசுகிறவன் நான். இடுப்பளவுத் தண்ணீர்மேல், என்னை யாரும் பார்க்காத இடத்தில் நிற்பது அவ்வளவு சுகமாக இருந்தது. அப்புறம் பின்னால் குரல் கேட்டது. விழுந்தேன்.

"மண்டி போட்டுல்லா நின்ன?" அண்ணாச்சி கரையில் நின்றிருந்தார்.

"போட்டாத்தான் பலக பழகுது அண்ணாச்சி. நீங்களும் ஒரு தடவ..."

"ஒனக்கென்ன, நீ போடலாம். ஒனக்கும் அக்கரைல மச்சினன் கெடையாது."

ஆனால் ஒரு விஷயத்தை அவராகவே கண்டுபிடித்தார். ஆழம் குறைந்த இடத்தில் துடுப்பு தரையில் முட்டுகிறது. முட்டினால் சாயலாம். சாய்ந்தால் நிற்கலாம். அப்படியே தள்ளித் தள்ளிப் போகவும் செய்யலாம். அன்றைக்குக் கண்மாயின் ஓரமாகவே ஒற்றைக் காலில் நின்றபடி மறுகால் வரைக்கும் போய்விட்டு வந்தார். தூக்கிய காலின் கட்டைவிரலை மட்டும் பலகைக்கு இரவல் கொடுத்திருந்தார்.

"அந்தப் பாதில கம்பு தரைல படுமே அண்ணாச்சி, அது அந்த ஊரு மண்ணுல்லா" என்றேன்.

"நான் காலுன்னுதான் சொன்னேன். கம்புன்னு சொல்லல."

மிச்சம் இருந்தது நடுப்பள்ளம். வண்டல் மண் அள்ளிய ஜேசிபி கண்மாய்க்கு நடுவில் தோண்டிவிட்டுப் போன குழி. அங்கே துடுப்பு தரையை எட்டாது. வீடியோப் பெண் சொன்ன மாதிரி துடுப்புப் போட்டுத்தான் கடக்க வேண்டும். அதற்கு வேறு வழியே இல்லை. அண்ணாச்சி முதல்முறையாக அந்தப் பெண்ணைக் கடைசிவரை பேசவிட்டுக் கேட்டார். கணுக்காலில் கயிறும் கட்டிக்கொண்டார். "சந்தைக்குத்தான் போறேன்னு வச்சுக்குவோம்" என்றார்.

இன்னொரு கவலை எனக்கு மட்டும் இருந்தது. என் கடை சொலூஷன் டியூபுக்குப் பிடிக்கும், அந்தப் பலகையின் தோலுக்குச் சரியாகப் பிடிக்கவில்லை. போட்ட ஒட்டு ஓரத்தில் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தது. "வெயில் ஏறுச்சுன்னா ஒட்டு விட்ரும் அண்ணாச்சி. வெள்ளனப் போயி, ஒரே வார்த்தைல கூப்பிட்டுட்டுத் திரும்பிரணும்" என்றேன்.

"கூப்பிட ஒரு வார்த்ததான வேணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வராது என்று அப்போது எனக்குத் தெரியாது.

குறித்த நாளில் வேட்டியை மடித்துக் கட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். நீச்சல் தெரியாதவராயிற்றே என்று பைக் டியூபுக்குக் காற்றடித்து மார்பில் குறுக்கே மாட்டிவிட்டேன். "மாலையோட மாப்பிள வாராருன்னு சொல்லப் போறானுவ" என்று முணுமுணுத்தாலும் கழற்றவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு ரோட்டு வழியாகச் சுற்றி அக்கரைப் படித்துறைக்குப் போனேன். கையில் பம்பு, பையில் ஒட்டுச் சாமான். படித்துறை முழுக்கப் பெண்கள். நான் பம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணே, இங்கன யாருக்குப் பஞ்சர்?" என்றது ஒரு பெண். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தண்ணீரைக் காட்டினேன்.

அவர் வந்துகொண்டிருந்தார். கண்மாய்க்கு நடுவில், காலைச் சூரியனில், ஒற்றைக் காலில். நிஜமாகவே ஒரு கொக்கு வருகிற மாதிரிதான் இருந்தது. துவைக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மதினி கடைசியாக நிறுத்தினார். யாரோ ஓடிப் போய்ச் சொல்லி, மச்சினனும் வேப்பங்குச்சியோடு வந்துவிட்டார்.

நடுப்பள்ளத்துக்கு வந்ததும் காற்று கிளம்பியது. துடுப்பு தரையைத் தேடியது, கிடைக்கவில்லை. பலகை சிலுப்பியது. அண்ணாச்சி இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். விழுந்தால் உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர், அதற்குக் கீழே மச்சினன் ஊர் மண். இரண்டில் எதற்கு அவர் அதிகம் பயந்தார் என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து படித்துறையைப் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு முட்டியை மடக்கினார், மறு முட்டியையும் மடக்கினார். இரண்டு ஊர் பார்க்க மண்டி போட்டார்.

மண்டி போட்டதும் பலகை பசு மாதிரி நின்றது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று துடுப்புப் போட்டுப் பள்ளத்தைக் கடந்தார். ஆழம் குறைந்த அடுத்த நொடி துள்ளி எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டார். ஒன்றுமே நடக்காத முகம். படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளித் துடுப்பை ஊன்றி நிறுத்தினார்.

மச்சினன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஒமக்கு இல்ல மச்சான்" என்றார் அண்ணாச்சி முந்திக்கொண்டு. "காத்துக்குக் குனிஞ்சேன்."

மதினி அடித்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மாத்தான். தண்ணி எப்படிக் கெடக்குன்னு பாக்க வந்தேன்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அப்பக் கெளம்புங்க."

அப்போது எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டது. பஞ்சர்க் கடைக்காரன் காதுக்கு அது தப்பாது. ஸ்ஸ் என்று மெல்ல ஒரு சத்தம். ஒட்டு விட்டுவிட்டது. பலகையின் ஓரம் தொய்ந்து, அண்ணாச்சியின் பாதத்துக்கு மேல் தண்ணீர் ஏறியது. நான் பம்பைத் தூக்கிக் காட்டினேன், கையை ஆட்டினேன், வாயைத் திறந்தேன். அத்தனை பெண்களுக்கு நடுவே ஒரு சத்தம் வந்தால்தானே. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"செவல ஆடு குட்டி போட்ருக்கு" என்றார்.

"எத்தன?"

"ரெண்டு."

"பாலு குடிக்கா?"

"ஒண்ணு குடிக்கு." தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. "ஒண்ணு ஒன்னயத் தேடுது."

"குட்டி தேடுதது இருக்கட்டும்" என்றார் மதினி.

பலகை நடுவில் மடங்கத் தொடங்கியது. ஒற்றைக் காலில் நின்றபடியே அண்ணாச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டு வந்தார். வேட்டி நனைந்தது. ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தார்.

"மொளகாப் பொடி எங்கன வச்சிருக்க?" என்றார்.

படித்துறையே சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. அவர் மூழ்குகிற காலைப் பார்த்துக்கொண்டே, சேலையைத் தூக்கிச் சொருகி, ஒரு படி கீழே இறங்கினார். இன்னொரு படி இறங்கினார். அங்கே கால் வழுக்கி, "அம்மா" என்று பக்கவாட்டில் சாய்ந்தார்.

அண்ணாச்சி துடுப்பை விட்டார். பலகையை விட்டார். மார்பில் மாட்டிய டியூபோடு, கணுக்காலில் கட்டிய கயிறோடு, தொப்பென்று தண்ணீரில் குதித்து, பலகையையும் பின்னால் இழுத்துக்கொண்டு நாலே எட்டில் போய், மதினியின் தோளைப் பிடித்துவிட்டார். "ஏட்டி, வா. வீட்டுக்கு வா" என்றார். மூச்சு வாங்க, அதட்டுகிற மாதிரி சொன்னார். மதினி, "வாரேன்" என்றார்.

அப்புறம்தான் அவர் குனிந்து கீழே பார்த்தார். முட்டளவுத் தண்ணீர். அதற்குக் கீழே அந்த ஊர்ச் சகதி. அதில் இரண்டு காலும் அழுந்தப் பதிந்திருந்தன. கல்யாண போட்டோவுக்குக்கூட ஊன்றாத மனிதர் இரண்டு காலையும் ஊன்றி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மச்சினன் வாயைத் திறந்தார். அந்த மனிதர் வாய்க்கு இது எவ்வளவு பெரிய தீனி. ஆனால் அவர் குச்சியைத் தூர எறிந்துவிட்டு, "காலக் கழுவிட்டு வாங்க மாப்ள, காப்பி குடிக்கலாம்" என்றார்.

"காலு கழுவித்தான் இருக்கு" என்றார் அண்ணாச்சி.

காப்பி குடித்துவிட்டு, இருவரும் ரோட்டு வழியாகவே நடந்து வந்தார்கள். முன்னால் மதினி, பின்னால் சொத்தைப் பூசணி மாதிரி தொய்ந்த பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி. வார்த்தை தவறிவிட்டதே என்று அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கேட்டவர்களிடம், "தண்ணி இருக்குத வரைக்கும் அது கண்மாய். வத்துன பெறவுதான் அவிய ஊரு" என்று சட்டம் பேசினார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. மதினி பிறந்து வளர்ந்து துவைத்த படித்துறை அது. எந்தப் படி எங்கே தேய்ந்திருக்கிறது என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அன்று அந்தப் படி காய்ந்துகூட இருந்தது. ஒருநாள் மதினி தன் மொபெட்டுக்குக் காற்றடிக்க என் கடைக்கு வந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நெசமாவே வழுக்குச்சா மதினி?"

"பாசி, தம்பி" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அவியகிட்டக் கேட்டுராதீங்க."

நான் கேட்கவில்லை. கண்மாய் வற்றி, மறுபடி அதில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். அண்ணாச்சி வழக்கம்போல ஒற்றைக் காலில் நிற்கிறார், இப்போது ஆட்டைப் பார்த்து. பலகைக்காரர்கள் இன்றுவரை வரவில்லை. அண்ணாச்சி கடைப் பக்கம் வரும்போதெல்லாம் ஆணியில் தொங்குகிறதைத் தட்டிப் பார்த்து, "இது புடிச்சு நிக்குமா தம்பி?" என்பார். நிற்கும் என்பேன். தூத்துக்குடிக்குப் போய், அந்தத் தோலுக்கென்றே விற்கிற பசையைத் தேடி வாங்கி வந்து ஒட்டியிருக்கிறேன். மதினி கோபக்காரர், அண்ணாச்சியும் சளைத்தவர் இல்லை. மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று அவ்வப்போது இறக்கி, காற்றடித்துப் பார்த்து, மறுபடி மாட்டி வைக்கிறேன்.